மகனைப் பட்டாளப் பள்ளிக்கு அனுப்பலாமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதும் குமாஸ்தா, திருநெல்வேலிப் பக்கத்தவர். கொச்சிக்கு வந்து இருபது ஆண்டுகளாகின்றன. மூத்த மகனுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு. பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் பள்ளி விட்டு வந்தால் வீடு தங்குவதில்லை. கடற்கரையில் கால்பந்து, இருட்டிய பிறகு கைபேசி. "சைனிக் பள்ளியில் போட்டுடுங்க அண்ணாச்சி, பையன் திருந்திருவான், ஆபீசராவும் வந்துருவான்" என்று கிடங்கில் ஒருவர் சொல்லப் போக, அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. தாய்க்குச் சம்மதமில்லை. பாட்டிக்கோ பட்டாளம் என்ற சொல்லே ஆகாது. பையனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கடற்படையின் தென்மண்டலத் தலைமையகம் இருக்கும் ஊர் இது. தோப்பும்படியிலிருந்து எர்ணாகுளத்துக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு வெள்ளை உடுப்பு பழகிய காட்சி. போர்ட்டுக்கொச்சி வேளியில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று சொல்வதுண்டு. அந்த உடுப்பைத் தன் பிள்ளை உடுத்த வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்தால் அதில் தவறொன்றும் இல்லை.

திருத்தும் இடமா?

சைனிக் பள்ளிகள் 1961ல் தொடங்கின. அப்போது ராணுவ அமைச்சராக இருந்தவர் வி.கே. கிருஷ்ணமேனன். ராணுவ அதிகாரிகள் வசதி படைத்த வீடுகளிலிருந்தே வருகிறார்கள், சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும் என்பது நோக்கம். மறு ஆண்டே, 1962ல், கேரளத்தில் கழக்கூட்டத்திலும், தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரிலும் பள்ளிகள் வந்தன. மாணவர்களைத் தேசிய பாதுகாப்பு அகாதமிக்குத் தயார் செய்வதே இவற்றின் வேலை.

ஆகவே அடங்காத பிள்ளையை அடக்கித் தருவதற்கு ஏற்பட்ட இடம் இதுவல்ல. நுழைவுத் தேர்வு வைத்து, உடற்பரிசோதனை செய்து, பொறுக்கி எடுக்கிறார்கள். விடியுமுன் எழுந்து ஓட வேண்டும். படிப்பு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மணியடித்தபடி. நெருக்கடியான இடத்தில் நாலு பேரோடு வளர்ந்த பையனுக்கு விடுதி வாழ்க்கை பெரிய கஷ்டமாக இராது. மூத்த மாணவர்களின் அதட்டலும் வீட்டு ஏக்கமும்தான் கஷ்டம். 'ஒழிந்து போ' என்று அனுப்பப்பட்டதாக நினைக்கும் பையனுக்கு அந்த ஏக்கம் கோபமாக மாறும். தானே விரும்பிப் போனவன் எப்படியும் தாக்குப் பிடித்துவிடுவான்.

இங்கே படித்தவர் எல்லாரும் ஆபீசராவதும் இல்லை. மலையாள நடிகர்கள் இந்திரஜித்தும் பிருதிவிராஜும் கழக்கூட்டத்தில் பயின்றவர்களே! நல்ல படிப்பு வீண் போகாது. அகாதமிக்குத் தனியாக யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். அதன்பின் பல நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. பள்ளியில் சேர்த்தால் வேலை கைக்கு வந்த மாதிரி என்று எண்ணுவது பிசகு.

பரீட்சையும் பாஷையும்

சேர்வதற்கு இரண்டே வாசல். ஆறாம் வகுப்புக்கு வயது 10 முதல் 12 வரை. ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வரை. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான். அதுவும் காலி இடம் இருந்தால்தான் சேர்க்கை. மொத்தம் 400 மதிப்பெண்ணில் 200 கணக்குக்கே போய்விடும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று படித்த மட்டாஞ்சேரிப் பையனுக்கு இது மூன்றாவது பாஷையில் வரும் சோதனை. பையனுக்குப் பத்து வயதாகும்போதே யோசித்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். பெண் பிள்ளைகளையும் 2021 முதல் சேர்க்கிறார்கள். குமாஸ்தாவின் இளைய மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

எந்த ஊர்க்காரன்?

வெளிமாநிலத் தமிழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நூற்றுக்கு 67 இடங்கள் பள்ளி இருக்கும் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மீதி 33தான் மற்றவர்களுக்கு. ரேஷன் கார்டு கொச்சியில், பூர்வீகம் தமிழ்நாட்டில் என்றால் பையன் எந்த மாநிலத்தவன்? எந்த மாநில இருப்பிடச் சான்று கையில் கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே கழக்கூட்டமா அமராவதிநகரா என்று முடிவு செய்ய வேண்டும். ஜாதிச் சான்றும் அப்படித்தான். மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே உள்ள பெயர் இங்கே இல்லாமல் போகலாம். விண்ணப்பத் தேதி நெருங்கிய பிறகு ஊருக்கு ஓடுவதைவிட முன்கூட்டியே தாலுகா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

செலவு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். வருமானத்தைப் பொறுத்து மாநில அரசுகள் தங்கள் மாநிலப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதுண்டு. அதற்கும் அந்தச் சான்றுதான் சாவி.

போய்வருவது சிரமமில்லை. கழக்கூட்டத்தில் ரயில் நிலையமே இருக்கிறது. எர்ணாகுளம் டவுன் வழியாக மதுரைப் பக்கம் போகும் அம்ருதா எக்ஸ்பிரஸ் உடுமலையில் நிற்கும். அங்கிருந்து அமராவதிநகருக்கு பஸ்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. சாதாரணப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவனும் அகாதமித் தேர்வு எழுதலாம். விமானப்படை, கடற்படை என்றால் கணக்கும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1940ல் பிறந்த ஜெனரல் சு. பத்மநாபன் சைனிக் பள்ளிகள் தோன்றுமுன்பே டேராடூன் ராணுவக் கல்லூரியில் படித்து, 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்தார். அக்னிவீர் என்பது வேறு; 2022ல் வந்த அத்திட்டத்தில் நான்கு ஆண்டுச் சேவைக்குப் பின் நூற்றுக்கு 25 பேர்வரைதான் நிலைப்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பெற்றோர் பலர்.

பணம் கட்டுமுன் பையனைச் சோதித்துப் பார்க்கச் சுலபமான வழிகளும் உண்டு. பல பள்ளிகளில் என்.சி.சி. இருக்கிறது. கேரளத்தில் 2010ல் தொடங்கிய மாணவர் போலீஸ் படை எட்டாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. அணிவகுப்பும் முகாமும் அவனுக்கு ருசிக்கிறதா, வெறுக்கிறதா என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அகாதமிக்கு அப்போதும் நேரம் இருக்கும்.

குமாஸ்தா வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமைதான் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். போகிறாயா என்று கேட்டதற்கு அவன் கேட்டது, "அங்கே கால்பந்து உண்டாப்பா?" உண்டு என்றார் தகப்பன். "லீவுக்கு எத்தனை நாள் விடுவாங்க?" என்றான் அடுத்து. தாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இப்போதைக்கு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பக்கத்துத் தெருவில் டியூஷன் பேசியிருக்கிறார்கள். மாணவர் போலீஸ் படையில் அடுத்த ஆண்டு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கத் தகப்பனார் பள்ளிக்கூடம் போகிறார்.