ஏழு மீட்டர்த் தொலைவு

நுழையும்முன்

விளையாட்டில் நிலையான வெற்றி என ஒன்று உண்டா? நெடுங்காலம் தோல்வியே காணாத ஓர் அணி ஒரே மாலைப்பொழுதில் வீழ்வதும், வசதிகள் குறைந்த சூழலில் ஆடிய ஓர் அணி முடிசூடுவதும் எவ்வாறு நிகழ்கின்றன? 2020-21ஆம் ஆண்டின் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் ஹேண்ட்பால் பருவம் இவ்வினாக்களுக்கு விடை பகர்கிறது.

ஆட்டத்தின் இயல்பு

நம் நாட்டில் கைப்பந்து என்பது பெரும்பாலும் வாலிபாலையும், எறிபந்து என்பது த்ரோபாலையும் குறிப்பதால், இவ்விளையாட்டை ஹேண்ட்பால் என்றே வழங்குவோம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட உள்ளரங்கக் களத்தில், அணிக்கு எழுவராக ஆடும் ஆட்டம் இது. இரு பாதிகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். பந்தைக் கையில் ஏந்தியவர் மூன்று அடிக்கு மேல் நடத்தல் கூடாது; மூன்று நொடிக்கு மேல் வைத்திருத்தலும் கூடாது. எனவே, பந்து ஓரிடத்தில் தங்குவதில்லை. கோலைச் சுற்றி 6 மீட்டர் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டிற்குள் கோல் காப்பாளர் மட்டுமே நிற்கலாம். தெளிவான கோல் வாய்ப்பு விதிமீறலால் தடுக்கப்பட்டால் 7 மீட்டர் எறிதல் வழங்கப்படும். அப்போது எறிபவரும் காப்பாளரும் மட்டும் நேருக்குநேர் நிற்பர்.

போட்டியின் வரலாறு

ஐரோப்பியக் கழகங்களுக்கான மகளிர் கோப்பைப் போட்டி 1960-61ஆம் பருவத்தில் தொடங்கியது. 1993-94 முதல் சாம்பியன்ஸ் லீக் என்னும் பெயர் பெற்றது. இதில் பல நாட்டு வீராங்கனையர் ஒரே கழகத்திற்காக இணைந்து ஆடுவர். ஹங்கேரியின் ஜியோர் நகரக் கழகம் 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றது. 2019-20ஆம் பருவமோ கொரோனாப் பெருந்தொற்றால் இடையிலேயே கைவிடப்பட்டது. அவ்வாண்டு வாகையர் எவருமில்லை.

தொற்றுக்கு நடுவே ஒரு பருவம்

அடுத்த பருவத்தில் பதினாறு கழகங்கள், எட்டு எட்டாக இரு பிரிவுகளில் ஆடின. தொற்று இன்னும் ஓயவில்லை. பல அரங்குகள் பார்வையாளரின்றி வெறிச்சோடின. சில போட்டிகளை நடத்தவே இயலவில்லை. அவற்றிற்கான புள்ளிகளை ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பே மதிப்பிட்டு வழங்கியது. நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சாண்ட் கழகத்திற்கு இடர் இன்னும் மிகுதி. அந்நாட்டின் கடுமையான பயணக் கட்டுப்பாடுகளால், சொந்த ஊரில் ஆட வேண்டிய போட்டிகளையும் அயல்நாட்டுக் களங்களில் ஆட வேண்டியதாயிற்று. தம் மக்களின் கரவொலி கேளாமலே அவ்வணியினர் முன்னேறினர்.

அறுபட்ட தொடர்

2021 மே 29 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் அரையிறுதிப் போட்டிகள் நடைபெற்றன. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, 55 போட்டிகளில் தோல்வியே காணாத ஜியோர், பிரான்சின் பிரெஸ்ட் கழகத்தை எதிர்கொண்டது. வழக்கமான நேரத்திலும் கூடுதல் நேரத்திலும் இருவரும் சமநிலையில் நின்றனர். முடிவு 7 மீட்டர் எறிதல்களுக்குச் சென்றது. அங்கே பழைய வெற்றிகள் துணைவரவில்லை. அந்நொடியின் நிதானமே துணைவந்தது. பிரெஸ்ட் வென்றது. மற்றோர் அரையிறுதியில் வைப்பர்ஸ், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியை வென்றது.

மறுநாள் இறுதிப் போட்டியில் வைப்பர்ஸ் 34-28 என்னும் கணக்கில் பிரெஸ்டை வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. 2011இல் லார்விக் வென்றபின் நார்வேக் கழகம் ஒன்று வாகை சூடியது அப்போதுதான்.

காலத்தை வென்ற கைகள்

வைப்பர்ஸின் கோல் காப்பாளர் கத்ரீனே லுண்டேவுக்கு அப்போது வயது 41. டென்மார்க்கின் விபோர்க் கழகத்துடன் இருமுறையும், ஜியோருடன் இருமுறையும் இக்கோப்பையை ஏற்கெனவே வென்றவர் அவர். காப்பாளரின் வலிமை விரைவில் மட்டும் இல்லை. எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் நோக்கிப் பந்தின் திசையை முன்னறியும் அறிவிலும் உள்ளது. அவ்வறிவு ஆண்டுகள் கூடக்கூடக் கூர்மை பெறும் என்பதற்கு அவரே சான்று.

நிறைவாக

வைப்பர்ஸ் 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பையைத் தக்கவைத்தது. ஆயினும், ஐரோப்பாவை மும்முறை வென்ற அக்கழகம் பொருள் நெருக்கடியால் 2025 சனவரியில் நொடித்துப்போனது. களத்தில் பெறும் வெற்றி, களத்திற்கு வெளியே கழகத்தைத் தாங்கும் பொருள்வளத்தை உறுதிசெய்வதில்லை. மகளிர் விளையாட்டு தழைக்கத் திறமையுடன் நிலையான ஆதரவும் வேண்டும். தோல்வியறியா அணியும் ஏழு மீட்டர்த் தொலைவில் வீழலாம். வென்ற அணியும் ஆதரவின்றி மறையலாம். ஆனால், வெறிச்சோடிய அரங்குகளிலும் முழு ஆற்றலோடு ஆடிய அப்பெண்களின் உழைப்பு மறைவதில்லை.