செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன. ஹாரன் அலறுகிறது. வண்டி மட்டும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. சென்னை தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மழைக்காலக் காலை நேரங்களில் பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. “பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். புதுசு போட்டதும் வண்டி கிளம்பவும் செய்யும். சில மாதம் கழித்து மறுபடியும் ‘டிக்’.

பல சமயம் பேட்டரி மேல் குற்றமே இருக்காது. அதன் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்புதான் காரணம். புது பேட்டரி மாட்டும்போது மெக்கானிக் கிளாம்ப்பைச் சுரண்டி, இறுக்கி மாட்டியிருப்பார். வண்டியைக் கிளப்பியது அந்தச் சுரண்டல்.

அப்படியென்றால் விளக்கு எப்படி எரிந்தது? பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே கைகொடுக்கிறது. இன்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு, அதாவது ‘செல்ஃபு’க்கு, ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். உப்பு பூத்த இணைப்பின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 100 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 5 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் மிஞ்சிய ஏழு வோல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன செய்யும்? ஹெட்லைட்டுகள் இரண்டும் சேர்ந்து கேட்பதோ 10 ஆம்பியர் அளவுதான். அவற்றுக்கு அரை வோல்ட் மட்டுமே குறையும், கண்ணுக்குத் தெரியாது. விளக்கு எரிவதை வைத்து வயரிங் சரி என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இந்த வழக்கை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். வண்டி இரவு முழுக்க நின்றபின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழ் மீதும், மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மீதும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் இணைப்பு நலம். ஒன்று, இரண்டு என்று ஏறினால் திருடன் அங்கேதான். நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையிலும் இதே சோதனை. எர்த் வயர் தளர்ந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

சுத்தம் செய்யக் கிளாம்ப்பைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அந்தப் பொறி போதும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவிவிடலாம்.

பழைய மாருதி 800 என்றோமே, எவ்வளவு பழையது? முதல் மாருதி 800-இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று அதன் உரிமையாளரிடம் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. மூன்று சிலிண்டர், 796 சிசி. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பி.எஸ். 4 மாசு விதி வந்ததும் இங்கே அதன் விற்பனை நின்றது. ஆகவே, சென்னையில் புதிதாக வாங்கிய 800 எதுவானாலும் இன்று பதிவைப் புதுப்பிக்க வேண்டிய 15 வயதைத் தாண்டியிருக்கும். தாம்பரம் வட்டாரத்துக்குக் கார் அதற்கும் முன்பே பழக்கம். ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது பக்கத்துப் பெருங்களத்தூரில்தான். அந்த நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடி இன்ஜினில் வேலை பார்க்கலாம். தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. பூங்கா நிற்கிறது.

வாசலில் நிற்கும் வண்டிக்குத் திரும்புவோம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது வேறு நோய். பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் பொறி, சிலிண்டரில் அழுத்தம். எது குறைகிறது என்று பிளக்கைக் கழற்றினால் பாதி தெரிந்துவிடும். நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். காய்ந்து கிடந்தால் பம்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலும் பிளக் பேசும்: இளம்பழுப்பு நிறம் ஆரோக்கியம், உலர்ந்த கரிப் படிவு பெட்ரோல் அதிகம் என்பதைச் சொல்லும், எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்ததைச் சொல்லும்.

தாம்பரம் கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஹீட் ஏறும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. அதிலுள்ள ஸ்பிரிங் ஏறத்தாழ 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். சமையலறைக் குக்கர் போலவே, அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும்: தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த 18 டிகிரி பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும் இதனால்தான் ஆபத்து. அழுத்தம் சட்டென விடுபட்டு, 110 டிகிரித் தண்ணீர் நொடியில் கொதித்து, ஆவியோடு முகத்தில் பீறிடும். “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று கழற்றிப் போடுவதும் உதவாது. இன்ஜின் தன் வெப்பநிலைக்கு வரத் தாமதமாகி, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். உப்பேறிய போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே அந்தப் படிவு கடத்தும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலப்பதே சரி.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய கார்களுக்கு எமனானது வெள்ளம் மட்டுமல்ல, வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருப்பிய கையும்தான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, இன்ஜினை ஸ்பேனரால் கையாலேயே சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே பீய்ச்சும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்டெப்னி ஜாக்கி டயர் மாற்றத்தான்; ஸ்டாண்ட் கொடுக்காமல் அதை நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. பிரேக் பெடல் தரைவரை அமுங்கினால் மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகாமல், அவரை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

இப்போதைய புதுத் தலைவலி, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு; அது ஈரத்தையும் இழுக்கும்; பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கும். டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் பெட்ரோல் ஹோஸை, இன்ஜின் ஆறியபின், விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்போ பிசுபிசுப்போ தெரியும். தெரிந்தால், தோட்டத்துக் குழாயை வெட்டிச் சொருகாமல், எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸாகவே கேட்டு வாங்கி, கிளிப்போடு சேர்த்து மாற்றிவிட வேண்டும்.