கன்வர்ட்டருக்கு வாய்தா!

என் காருக்கு வயசு பதினாலு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக். வாரம் இரண்டு முறை கம்பம் மெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத் தோட்டம் வரை போய்வரும். மலையில் படு சமர்த்து! கீழே உத்தமபாளையம் ரோட்டில் அறுபதைத் தொட்டால் மட்டும் 'டுர்ர்ர்' என்று குளிர் ஜுரம் வந்த மாதிரி ஒரு நடுக்கம்.

மதுரையில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டார்க் கன்வர்ட்டர் போச்சு சார், மாத்திடுங்க!" சொன்ன தொகை, மகளின் ஹாஸ்டல் பீஸுக்கு எடுத்து வைத்திருந்ததை அப்படியே விழுங்கிவிடும்.

ஊர் திரும்பி, கம்பத்து மெக்கானிக் தம்பியிடம் புலம்பினேன். "மேடேறயில ஒண்ணும் செய்யலைல்லண்ணே? அப்ப பொறுங்க" என்றார்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் சுற்றுமே... கன்வர்ட்டரும் அந்த வித்தைதான். காற்றுக்குப் பதில் ஆயில். (1905-ல் ஜெர்மானியர் ஃபோட்டிங்கர் இதற்குக் காப்புரிமை வாங்கியது கப்பலுக்காக!) வேகம் பிடித்ததும் உள்ளேயிருக்கும் 'லாக்-அப்' கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். மலையில் மெதுவாக ஏறுகையில் பெரும்பாலும் பூட்டாது. என் வண்டி நடுங்கியது பூட்டுகிற நேரத்தில்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். நடுக்கம் வந்ததும், "ஆக்ஸிலேட்டரை விடாம, இடது காலால பிரேக்கை லேசாத் தொடுங்கண்ணே." தொட்டேன். கப்சிப்! பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடுபடுமாம். அப்போதும் ஆடினால் ஸ்பார்க் பிளக், காயில் என்று இன்ஜின் பக்கம் தேடணும்.

"ஆக, கன்வர்ட்டர்தானா?" என்றேன், ஹாஸ்டல் பீஸை மனசுக்குள் வழியனுப்பியபடி.

"ஆயிலாவும் இருக்கலாம்ல?"

கியர் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தார். கறுப்பு, லேசான தீய்ந்த வாடை. ஆனால் இரும்புத் தூள் மின்னவில்லை. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அதே ரக ஆயிலை மாற்றினார். ஒரு தடவை இறக்கினால் பாதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், கொஞ்சம் ஓட்டவிட்டு மறுபடி, மறுபடி என்று மூன்று முறை. மூன்றாவதில் ஜுரம் விட்டது!

"இது வாய்தாதாண்ணே. தூள் மின்னுனா, கியர்ல போட்டு பிரேக்குல நிக்கயில கரகரன்னா, புது ஆயிலுக்கப்புறமும் நடுங்குனா, அன்னைக்கே மாத்திருங்க. இல்லேன்னா அந்தத் தூளே கியர்பாக்ஸைத் தின்னுபுடும். மாத்தறப்ப ஆயில் கூலரையும் கழுவணும்."

(ஏ.எம்.டி. வண்டிக்காரர்கள் பயப்பட வேண்டாம். அதில் கன்வர்ட்டரே கிடையாது. சாதா கிளட்ச் பிளேட்தான். மெட்டு ஏறி அது தேய்கிற கதை தனி!)

மகள் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். தம்பிக்குக் கூலியோடு ஒரு பெட்டி பன்னீர் திராட்சையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடுத்த மாசம் வெள்ளைத் துணியோட வாங்கண்ணே!"