முப்பத்தைந்து கிலோ செல்லத்துக்கு மாதம் எவ்வளவு?

லாப்ரடார் குட்டி ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் குடும்பம், பெரிய செலவு முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறது. அந்த நாய் 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தாலும் 11 ஆண்டுகளில் ஆறரை லட்சத்தைத் தாண்டும். குட்டிக்குக் கொடுத்த விலை அதில் நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆரோவில் நல்ல இடம். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட இந்தச் சர்வதேச நகரத்தின் செம்மண் பாதைகளில் சைக்கிளுக்குப் பின்னால் நாய் ஓடுவது அன்றாடக் காட்சி. இடம் தாராளம், முந்திரித் தோப்புகளும் வளர்த்தெடுத்த காடும் கைக்கெட்டும் தூரத்தில். குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற சுற்றுக் கிராமங்களிலும் நாட்டு நாய்களுக்கு நடுவே லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ராஜபாளையமும் தலைகாட்டுகின்றன. இவ்வளவு இடமிருக்கும் ஊரில் பெரிய நாய் வளர்ப்பது சுலபம் என்று தோன்றும். ஓடுவதற்கு மட்டும்தான் அது சுலபம்.

முதலில் சாப்பாடு. நாயின் எடை ஏழு மடங்கானால் அதன் பசி ஏழு மடங்காவதில்லை. உடல் பெரிதாக ஆக, ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் சக்தி குறையும். 5 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 370 கலோரி போதும். 35 கிலோ நாய்க்குச் சுமார் 1,600 கலோரி, அதாவது நான்கு மடங்கைச் சற்றே தாண்டும். பெரிய நாய்க்காரர்களுக்குக் கிடைக்கும் ஒரே தள்ளுபடி இதுதான்.

1,600 கலோரியைக் கடையில் விற்கும் உலர் உணவாகக் கொடுத்தால் நாளுக்கு 450 கிராம், மாதம் 13 கிலோவுக்கு மேல். கிலோ 250 ரூபாய் ரகம் என்றால் 3,400 ரூபாய். கிலோ 700 ரூபாய் ரகத்துக்குப் போனால் 9,000 ரூபாய்க்கு மேல். வீட்டிலேயே சமைக்கலாம்: கால் கிலோ அரிசியும் 400 கிராம் கோழியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே சக்தி, நாளுக்கு நூறு ரூபாய்க்குள். கறிக்கடையில் கழுத்து, கால், ஈரல் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இன்னும் குறையும். சோறும் கறியும் மட்டுமே தின்று வளரும் பெரிய இனக் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையக்கூடும். அதனால் முதல் ஓராண்டாவது மருத்துவர் சொல்லும் உணவுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

செலவே இல்லாத வழி என்று பலர் நம்புவது மீந்துபோன சாம்பார் சாதம். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இந்தக் கடற்கரையில் தாராளமாகக் கிடைக்கும் கருவாட்டில் உப்பு ஏராளம். மிச்சப்படுத்திய பணம் ஊசியாகவும் மருந்தாகவும் திரும்பிப் போய்விடும்.

சாப்பாட்டில் கிடைத்த தள்ளுபடி மருந்தில் கிடையாது. ரேபிஸ் தடுப்பூசியோ பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியோ மட்டும்தான் போமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே அளவு. மற்ற எல்லாமே தராசில் ஏறும். பரவலாக விற்கும் குடற்புழு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று. 5 கிலோ நாய்க்கு அரை மாத்திரை போகும் இடத்தில் 35 கிலோ நாய்க்கு மூன்றரை. மென்று தின்னும் உண்ணி மாத்திரையும் எடைக்கேற்ற பெட்டிகளில்தான் வருகிறது. கருத்தடை அறுவைக்கான மயக்க மருந்தும் அதன் பிறகான வலி மருந்தும் அப்படியே.

இந்தப் பகுதியில் உண்ணிச் செலவைத் தவிர்க்க முடியாது. உண்ணி காட்டிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்கள் நாயைக் காட்டுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாய்க்குக் காய்ச்சல் கொண்டுவரும் பழுப்பு உண்ணிக்கோ வீட்டுச் சுவர் வெடிப்பும் நாய்க்கூண்டின் மூலையும்தான் வசதி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், குளிரே இல்லாத இந்தக் கரையில் ஆண்டு முழுக்கப் பெருகும். எர்லிக்கியா என்ற நுண்ணுயிரியை இது பரப்புகிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இந்த நோய்க்குப் பலியாயின. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள், அந்த இனத்தை இது கடுமையாகத் தாக்கும். வெப்பமண்டலக் கடற்கரையில் ஷெப்பர்டு வளர்க்க நினைப்பவர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை விலை குறைந்ததுதான். வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். பணம் கரைவது இரத்தப் பரிசோதனையில், தட்டணுக்களை மறுபடி மறுபடி எண்ணுவதில், குளுக்கோஸ் ஏற்றுவதில், ஆட்டோவுக்குக் கொடுப்பதில். 35 கிலோ நாயை, அதுவும் நிற்கவே முடியாத நாயை, ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாது. ஆரோவில்லுக்குப் பக்கத்தில் பெரிய மருத்துவமனை என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அதற்கும் மேல் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, போக மட்டும் மூன்று மணி நேரத்தைத் தொடும். வண்டி வாடகையையும் மருத்துவச் செலவில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது புழுக்கம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையில் அந்த வழி சரியாக வேலை செய்வதில்லை. உடல் பருத்து, ரோமமும் அடர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் இங்கே கொண்டுவந்து மே மாதம் முழுக்க ஏசி அறையில் அடைத்து வைப்பது நாய்க்குத் தண்டனை, வீட்டுக்குத் தண்டச் செலவு. தினம் எட்டு மணி நேர ஏசி, இரு மாத மின்கட்டணத்தை மேல் படிக்கு ஏற்றிவிடும்.

மரக்காணம் பக்கம் போனால் கணக்கில் இன்னொரு முடிச்சு. உப்பளத்தில் ஏறக்குறைய ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான் வேலை, வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கிவிடும், கூலி நிற்கும். அந்த மூன்று மாதங்கள்தான் நாய்க்குத் தோல் அரிப்பு, காதுச் சீழ், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ என்று வரிசையாக வரும் காலமும். வருமானம் பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் குடும்பங்கள், வேலையுள்ள மாதங்களில் 500, 1,000 என்று தனியே எடுத்து வைத்தால்தான் மழைக்காலத்தைச் சமாளிக்க முடியும். மாதச் சம்பளக்காரர்களுக்கும் இது பொருந்தும். கிரேட் டேன் போன்ற அகன்ற மார்புள்ள இனங்களுக்குத் திடீரென இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது. அந்த இரவில் போய்க் கடன் கேட்க நேரமிருக்காது.

ஆரோவில்லுக்கே உரிய ஒரு செலவும் உண்டு. விசா முடிந்து ஐரோப்பா திரும்புகிறவர் நாயையும் அழைத்துப் போக விரும்பினால் மைக்ரோசிப், அதன்பின் ரேபிஸ் ஊசி, 30 நாள் கழித்து இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவிடும் பரிசோதனை, அந்த இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று போகிறது பட்டியல். நாய் எழுந்து நின்று திரும்பும் அளவுக்குக் கூண்டு வேண்டும், விமானக் கட்டணமும் அந்தக் கூண்டின் அளவைப் பார்த்தே ஏறும். குட்டியைவிடப் பல மடங்கு ஆகும் இந்தத் தொகையைக் கடைசி மாதத்தில் கேள்விப்படுகிறவர்கள் நாயை இங்கேயே விட்டுப் போவதில் ஆச்சரியமில்லை. வெளிநாடு போகாதவர்களுக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்ற கேள்வி உண்டு. போர்டிங்கிலும் பெரிய நாய்க்குக் கூடுதல் கட்டணம்தான்.

குறைக்க முடிந்த செலவுகளைக் குறைக்கத் தயங்க வேண்டாம். அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமானவை அல்ல, நாயையும் கொண்டுபோகலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி நடக்கும் முகாம்களில் ரேபிஸ் ஊசி இலவசமாகப் போடுவார்கள். காப்பீடும் இந்தியாவில் வந்துவிட்டது. வயதான நாயையும் ஏற்கெனவே உள்ள நோயையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள் என்பதால், எடுப்பதானால் நாய் இளமையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால், வீட்டுச் சமையலில் வளரும் 35 கிலோ நாய்க்குச் சாப்பாடு 3,000, ஊசி, உண்ணி, புழு மருந்து மாதச் சராசரி 1,000, அவசரத்துக்கு ஒதுக்குவது 1,000, சோப்பு, பெல்ட், சில்லறை 500. ஆக 5,500. கடை உணவு என்றால் 6,000 முதல் 12,000 வரை போகும்.

இந்தத் தொகை கனமாகத் தெரிந்தால், வெயிலுக்குப் பழகிய நம் இனங்களின் பக்கம் திரும்பலாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே நாட்டு இன நாய்ப் பண்ணை வைத்திருந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் குட்டை ரோமம், ஒல்லி உடம்பு. எடை குறைவு என்பதால் மாத்திரைச் செலவும் குறைவு. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். சங்கிலியில் கட்டிப்போட ஏற்ற இனங்கள் அல்ல இவை. அவிழ்த்துவிட்டால் மயிலையும் கோழியையும் துரத்தும், ஆகவே வேலிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். மூன்று மாதம், மாதாமாதம் 5,500 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வீட்டில் எதுவும் இடறவில்லை என்றால் குட்டியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்த 16,500 ரூபாய் அவசர நிதியாக இருக்கட்டும். இடறினால், ஆரோவில்லில் உள்ளது போன்ற நாய்க் காப்பகங்களில் ஊசி போட்டு, கருத்தடை முடித்து, 15 கிலோவைத் தாண்டாத நாட்டு நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள்.