பெரிய எஞ்சினுக்குப் பயம் எதற்கு?

பெரிய டீசல் எஞ்சின் என்றால் அது ஆண்களின் வேலை என்று ஒதுங்கிப் போகும் பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் சிலர் இன்று வாகனம் ஓட்டிப் பிழைக்கிறார்கள். எஞ்சினைப் பற்றித் தெரியாவிட்டால், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். கராஜில் வேலை செய்யும் எனக்கு இது நாளாந்தக் காட்சி.

உலகின் பல நாடுகளில் உதவி நிறுவனங்கள் விரும்பி எடுத்த வாகனம் ரொயோட்டா லாண்ட் குரூசர். அவற்றில் பலவற்றில் இருப்பது 1990 இல் வந்த ‘1 எச்.இசட்’ எஞ்சின். வரிசையாக 6 சிலிண்டர்கள். கொள்ளளவு 4,164 க.செ.மீ. சிலிண்டரின் விட்டம் 94 மி.மீ., பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 100 மி.மீ. ஏறக்குறைய 130 குதிரை வலு. ரேர்போவும் இல்லை, கணினியும் இல்லை. அதனால்தான் சாதாரண ஸ்பனர்களாலேயே பல வேலைகளைச் செய்ய முடிகிறது.

இனி, வழமையாக வரும் கோளாறுகள்.

ரைமிங் பெல்ற்: பொதுவாக 100,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சின் பாழாகும். பழைய வாகனம் வாங்கினால், முன்பு எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

டீசல் பம்ப்: இதற்கு மசகு டீசல்தான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடியது எங்களுக்கு மறக்காது. ஆனால் மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு, பம்ப் தேய்ந்துவிடும். பில்ரரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் தவறாமல் திறந்துவிடுங்கள்.

சூடேறுதல்: இதுதான் பெரிய செலவு வைப்பது. அதிகம் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். பின்னர் ரேர்போ பூட்டிய எஞ்சின்களில் இந்த ஆபத்து இன்னும் கூட.

நோயாளரை ஏற்றியிறக்கும் அக்கா ஒருவர் அண்மையில் வந்தார். றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறதாம். “ஹெட் போட்டுது, மாத்த வேணும் எண்டு வேற இடத்தில சொல்லிப்போட்டாங்கள், தங்கச்சி. சங்கிலியை அடைவு வைக்கத்தான் போறன்” என்றார். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து, ஸ்ராட் செய்து பார்த்தோம். குமிழி வரவில்லை. ஒயிலிலும் பால் நிறம் இல்லை. கீழ் றப்பர் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு. குழாயை மாற்றினோம், சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது.

புகையையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் முதலில் எயார் பில்ரரைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. காலையில் மட்டும் வெள்ளைப் புகையும் ஸ்ராட் ஆகச் சுணக்கமும் என்றால் குளோ பிளக்கைச் சோதியுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் வாகனத்தை ஓட்டாதீர்கள். சூடான றேடியேற்றர் மூடியில் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

தினமும் காலையில் ஒயில், தண்ணீர், பெல்ற், கசிவு ஆகிய நான்கையும் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். கண்டதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு கராஜுக்குப் போகிறவளை ஏமாற்றுவது இலகுவல்ல.