நகையையும் படிக்கலாம்

எங்கள் மாலை வகுப்பு மும்பை தாராவியில் நடக்கிறது. அங்கே படிக்க வரும் ஒரு அக்காவின் கதை இது. பெயர் வேண்டாம் என்றார். கதையை மட்டும் எழுதச் சொன்னார். "நாலு பேருக்கு உதவட்டும் தம்பி" என்றார்.

ஒரு நாள் மத்தியானம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேர் சந்துக்குள் வந்தார்கள். தோளில் ஒரு பை.

"பித்தளை, வெள்ளி, தங்கம் எல்லாம் பாலிஷ் போட்டுத் தருவோம். கம்பெனி விளம்பரம். காசு வேண்டாம்" என்றார்கள்.

முதலில் அக்காவின் குத்துவிளக்கைத் துலக்கினார்கள். புதுசு போல ஆனது. பிறகு கொலுசைக் கழுவினார்கள். அதுவும் பளபளத்தது. அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

ஒரு கிண்ணத்தில் ஏதோ தண்ணீரை ஊற்றினார்கள். சங்கிலியை அதில் போட்டார்கள். பிறகு எடுத்து மஞ்சள் தண்ணீரில் அலசினார்கள். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். "அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்கா பிரித்துப் பார்த்தார். சங்கிலி இருந்தது. மின்னியது. அக்காவுக்குச் சந்தோஷம்.

அடுத்த மாதம் மகனின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. சங்கிலியை அடகு வைக்கப் போனார். கடைக்காரர் தராசில் வைத்தார். 13.200 என்று காட்டியது.

"ரெண்டு பவுன் சங்கிலி அய்யா இது" என்றார் அக்கா.

"தராசைப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர்.

அக்காவால் பார்க்கத்தான் முடிந்தது. படிக்க முடியவில்லை.

சங்கிலி வாங்கிய ரசீது வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆறு வருடமாக இருந்தது. மகன் எடுத்துப் படித்தான். எடை 16.000 கிராம் என்று இருந்தது. 2.800 கிராம் தங்கம் போய்விட்டது.

"என் கண் முன்னாலதான் போச்சு தம்பி. எனக்குத்தான் தெரியல" என்றார் அக்கா.

தங்கம் எங்கே போனது?

தங்கம் தண்ணீரில் கரையாது. சோப்பில் கரையாது. ஆனால் ராஜ திராவகத்தில் கரையும். அது இரண்டு அமிலங்கள் சேர்ந்த கலவை. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றொன்று நைட்ரிக் அமிலம். தனித்தனியாக இரண்டும் தங்கத்தைக் கரைக்காது. சேர்ந்தால் கரைக்கும்.

சங்கிலியின் மேல்பாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிண்ணத்தில் தங்கியது. அந்தத் திராவகத்தை அவர்கள் எடுத்துப் போனார்கள். அதிலிருந்து தங்கத்தைத் திரும்பப் பிரித்து எடுக்க முடியும். உருவம் மாறாததால் நமக்குச் சந்தேகம் வராது. எடை மட்டும் குறையும்.

ஆகவே வாசலில் வந்து நகை பாலிஷ் போடுகிறவரிடம் நகையைக் கொடுக்காதீர்கள். இலவசம் என்றாலும் வேண்டாம்.

எடையைப் படிப்போம்

நம் ஊர்ப் பக்கம் தங்கத்தைப் பவுன் கணக்கில் சொல்கிறோம். ஒரு பவுன் 8 கிராம். மும்பையில் தோலா என்பார்கள். பழைய தோலா ஏறக்குறைய 11.66 கிராம். இன்று பல கடைகளில் 10 கிராமையே ஒரு தோலா என்கிறார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். கிராம் மாறாது. எனவே கிராமில் கேளுங்கள்.

தராசில் புள்ளிக்கு முன்னால் இருப்பது கிராம். புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று எண்கள் மில்லிகிராம். 13.200 என்றால் 13 கிராம் 200 மில்லிகிராம். நகையை வைக்கும் முன் தராசு 0.000 என்று காட்ட வேண்டும்.

சுத்தத்தைப் படிப்போம்

சுத்தத் தங்கம் மென்மையானது. கையால் வளைக்கலாம். அதில் சங்கிலி செய்தால் சீக்கிரம் நெளியும். அதனால் செம்பும் வெள்ளியும் சேர்ப்பார்கள்.

எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைக் காரட் சொல்லும். நகையை 24 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் என்றால் 22 பங்கு தங்கம். 2 பங்கு வேறு உலோகம்.

இதையே ஆயிரத்துக்கு எவ்வளவு என்றும் சொல்வார்கள்.

22 காரட் – 916
18 காரட் – 750
14 காரட் – 585

916 என்பது கடையின் பெயர் அல்ல. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள்.

முத்திரையைப் படிப்போம்

சுத்தத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சோதனை செய்துதான் சொல்ல வேண்டும். அதற்காகவே ஹால்மார்க் முத்திரை வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000-ஆம் ஆண்டு தங்க நகைக்கு இதைத் தொடங்கியது. அந்த அமைப்பைச் சுருக்கமாக பி.ஐ.எஸ். என்பார்கள்.

முதலில் இது கடைக்காரரின் விருப்பமாக இருந்தது. 2021 ஜூன் 23 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது. பிறகு மேலும் பல மாவட்டங்கள் சேர்ந்தன.

முத்திரையில் மூன்று பாகம் உண்டு.

ஒன்று, பி.ஐ.எஸ். அடையாளம். முக்கோண வடிவில் இருக்கும்.

இரண்டு, சுத்தம். 22கே916 என்பது போல இருக்கும்.

மூன்று, ஆறு இடம் கொண்ட ஒரு குறி. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். இதை எச்.யு.ஐ.டி. என்பார்கள். நமக்கு ஆதார் எண் இருப்பது போல நகைக்கு இது. ஒரு நகைக்கு இருக்கும் குறி இன்னொரு நகைக்கு இருக்காது. ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறி இல்லாமல் கடைக்காரர் தங்க நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த சின்ன நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

முத்திரை மிகவும் சின்னதாக இருக்கும். கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள். அவர்கள் தர வேண்டும். ஆறு இடக் குறியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலி உண்டு. அதில் குறியைப் போட்டால் அது என்ன நகை, எவ்வளவு சுத்தம், எங்கே சோதித்தார்கள் என்று வரும். கையில் இருப்பது மோதிரம். செயலி வளையல் என்கிறது. அப்படியானால் வாங்காதீர்கள்.

முத்திரையில் சொன்னதைவிடச் சுத்தம் குறைந்திருந்தால் நஷ்ட ஈடு உண்டு. குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கிடைக்க வேண்டும். சோதனைக் கட்டணமும் கிடைக்க வேண்டும். ஆனால் அதற்கு ரசீது வேண்டும்.

ரசீதைப் படிப்போம்

"பில் போட்டால் வரி வரும். பில் இல்லாமல் வாங்குங்கள்" என்று சிலர் சொல்வார்கள். மயங்காதீர்கள். ரசீது இல்லாத நகைக்காக யாரிடமும் வழக்குப் பேச முடியாது.

ரசீதில் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: எடை, காரட், அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், ஹால்மார்க் கட்டணம், வரி. மும்பையில் செய்கூலியை மஜூரி என்பார்கள்.

கல் வைத்த நகை என்றால் இரண்டு எடை வேண்டும். ஒன்று கல்லோடு. மற்றொன்று தங்கம் மட்டும். கல்லைத் தங்கத்தின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

10 கிராம் தங்கம் – 1,00,000 ரூபாய்
கூலியும் சேதாரமும் 12 சதவீதம் – 12,000 ரூபாய்
வரி 3 சதவீதம் – 3,360 ரூபாய்
மொத்தம் – 1,15,360 ரூபாய்

அதே நகையை அதே விலையில் மறுநாள் விற்கிறோம். என்ன கிடைக்கும்? தங்கத்தின் விலை மட்டும் கிடைக்கும். அதாவது 1,00,000 ரூபாய். சில கடைகளில் அதிலும் கழிப்பார்கள். 15,360 ரூபாய் திரும்பி வராது. பழசைப் போட்டுப் புதுசு எடுக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. ஆகவே நாகரிகம் மாறியது என்று நகையை மாற்றாதீர்கள். கூலியையும் சேதாரத்தையும் கடைக்குக் கடை விசாரியுங்கள். பேசிக் குறைக்கலாம்.

வீட்டில் காப்பாற்றுவோம்

நகை மங்கினால் தங்கம் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. சோப்பும் எண்ணெயும் வியர்வையும் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊற வையுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். அலசித் துடையுங்கள். இதைக் கிண்ணத்தில் செய்யுங்கள். குழாயடியில் செய்தால் கழன்ற கல் சாக்கடையில் போய்விடும்.

முத்து, பவளம் வைத்த நகையை ஊற வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். உள்ளே அரக்கு வைத்த நகையைச் சூடான தண்ணீரில் போடாதீர்கள். அரக்கு இளகிக் கல் விழும்.

பிளீச்சிங் பவுடர் தொடும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளையாகிவிடும். உடைந்த தெர்மாமீட்டர் பக்கம் நகையோடு போகாதீர்கள்.

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். துடைத்தால் போகும். வெள்ளியை ரப்பர் பேண்டில் கட்டி வைக்காதீர்கள். சீக்கிரம் கறுக்கும்.

நகைகளை ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனித் துணியில் வையுங்கள். கொக்கியையும் வளையங்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். தேய்ந்த வளையம் ஒரு நாள் அறுந்துவிடும். சங்கிலியே தொலைந்து போகும்.

பழுது பார்க்கும்போது

மும்பையின் பெரிய நகைச் சந்தை ஜவேரி பஜார். அங்கே வேலை செய்யும் தொழிலாளிகளில் பலர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பட்டறைகளில் தரைத் தூசியைக் கூடக் குப்பையில் போடுவதில்லை. விற்பார்கள். அதை வாங்கிச் சலித்துத் தங்கம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூசிக்கே அவ்வளவு மதிப்பு என்றால் நம் நகையின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் மதிப்பு உண்டு.

கொடுக்கும் முன் எடை போடச் சொல்லுங்கள். எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போதும் எடை போடச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அறுந்த இடத்தைப் பற்ற வைக்க ஒரு பொடி சேர்ப்பார்கள். அதில் தங்கம் குறைவாக இருந்தால் நகையின் சுத்தமும் குறையும். பல முறை பற்ற வைத்த பழைய நகை உருக்கும்போது 22 காரட் நிற்காது. இதுதான் காரணம். எனவே நகைக்குச் சமமான சுத்தத்தில் பற்ற வைக்கச் சொல்லுங்கள்.

காட்மியம் கலந்து பற்ற வைக்கும் வழக்கம் இருந்தது. அதைக் கே.டி.எம். நகை என்று விற்றார்கள். காட்மியத்தின் புகை தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். ஹால்மார்க் நகையில் காட்மியம் சேர்க்கக் கூடாது. கே.டி.எம். என்பது சுத்தத்துக்குச் சான்று அல்ல.

விற்கும்போது

முத்திரை இல்லாத பழைய நகையை விற்க முடியாது என்று பயமுறுத்துவார்கள். அது பொய். முத்திரை கட்டாயம் என்பது விற்கும் கடைக்காரருக்குத்தான். பாட்டி கொடுத்த நகையை நாம் தாராளமாக விற்கலாம்.

சுத்தம் தெரியவில்லை என்றால் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்குப் போகலாம். 2022-இல் அறிவித்த கட்டணம் நான்கு நகை வரை 200 ரூபாய். எழுத்தில் அறிக்கை தருவார்கள்.

கடைகளில் ஓர் இயந்திரம் இருக்கும். நகையை வைத்தால் 91.6 என்பது போல எண் காட்டும். அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். பற்ற வைத்த இடத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும். எனவே இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள். மூன்று கடையில் கேளுங்கள். உருக்குவதானால் உங்கள் கண் முன்னால் உருக்கச் சொல்லுங்கள். விலை சரி என்று நீங்கள் சொல்லும் முன் உருக்க விடாதீர்கள்.

அக்காவின் நோட்டு

அக்கா இப்போது எழுதுகிறார், படிக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'என் நகைக் கணக்கு' என்று தலைப்புப் போட்டிருக்கிறார். நகையின் பெயர், எடை, காரட், ஆறு இடக் குறி, வாங்கிய தேதி என்று ஐந்து கட்டம். ரசீதை பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.

அடகை மீட்ட பிறகு சங்கிலியின் கொக்கி உடைந்தது. என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"முதல்ல எடை போடுங்க அய்யா. நான் எழுதிக்கிறேன்" என்றார்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எடை போட்டார். அக்கா 13.200 என்று நோட்டில் எழுதினார்.

வேலை முடிந்தது. மறுபடி எடை போட்டார்கள். 13.240 என்று காட்டியது. கூடின 40 மில்லிகிராமுக்கு எவ்வளவு என்று அக்காவே கணக்குப் போட்டார். கடைக்காரர் சொன்ன தொகையில் 100 ரூபாய் அதிகமாக இருந்தது. அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் 100 ரூபாயைக் குறைத்தார்.

போன 2.800 கிராம் திரும்பி வராது. அதை அக்கா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். "இனிமே ஒரு மில்லி போகாது தம்பி" என்றும் சொல்கிறார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு நகையின் முத்திரையைப் படியுங்கள். என்னென்ன இருக்கிறது?

2. ஒரு நகையின் எடை 8.450 கிராம். இது எத்தனை கிராம், எத்தனை மில்லிகிராம்?

3. பழைய ரசீது ஒன்றை எடுங்கள். கூலியும் சேதாரமும் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்.

4. அக்காவைப் போல நீங்களும் ஒரு நகைக் கணக்கு எழுதுங்கள்.