புயலும் சிவந்த கடலும்

பெரும்புயல் ஒன்று அடித்தால் கடலிலுள்ள அழுக்கெல்லாம் சிதறிப் போகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்து மேற்குக் கரையில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, இந்த எண்ணம் பாதியளவுதான் மெய் என்று நமக்குத் தோன்றுகிறது.

அக்கரையோரத்தில் மெக்ஸிகோ வளைகுடாவின் நீர் சில ஆண்டுகளில் செம்பழுப்பு நிறம் கொள்ளும். காரணம், கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர் ஒன்று கோடிக்கணக்கில் பெருகுவதே. அதனை ஆராய்வதில் புகழ் பெற்ற கரென் ஸ்டைடிங்கர் என்னும் மாதரசியின் பெயரையொட்டி அதற்குக் 'கரீனியா பிரெவிஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். (இத்தகைய கொடிய ஜந்துவுக்குத் தம் பெயர் வாய்த்ததில் அவ்வம்மையார் மகிழ்ந்தாரோ என்னவோ!) நம் மன்னார் வளைகுடாவை 2019-ஆம் ஆண்டில் பச்சையாக்கிய 'பூங்கோரை' வேறு ஜாதி. அது நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களை மாய்த்தது. இதுவோ நஞ்சையே சுரக்கிறது. அலை மோதுகையில் இவ்வுயிர் உடைந்து, நஞ்சு நீர்த்திவலையோடு காற்றில் கலக்கிறது. கரையில் நடப்பவர் இருமுவர், கண் எரியும், ஆஸ்துமா நோயாளிகளின் பாடு சொல்லத் தரமன்று. சிப்பிகளின் உடலில் இந்நஞ்சு தங்கிவிடும். எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் நீங்காது. ஆகவே லிட்டர் நீரில் 5,000 உயிர்களுக்கு மேல் காணப்பட்டால் சிப்பி எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதனையே நம்பி வாழும் குடும்பங்களின் கதியை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

புயல் இதில் என்ன செய்கிறது? இவ்வுயிர் பிறப்பது கரைக்கு வெகு தொலைவில், ஆழ்ந்த நீரில். புயற்காற்று அதனைச் சிதறடிக்கவும் கூடும், கரைக்குத் தள்ளவும் கூடும். மழை வெள்ளமும் முதலில் நன்மையே செய்கிறது. ஏனெனில் உப்புக் குறைந்த நீரில் இதற்கு வாழ்வில்லை. ஆனால் அவ்வெள்ளம் வயல்களின் உரத்தையும் ஊர்களின் சாக்கடையையும் வாரிக்கொண்டு வருகிறது. ஆற்று நீர் கடலில் கலந்து உப்பேறியதும், வெளியே காத்திருக்கும் உயிர்களுக்கு அதுவே விருந்தாகிவிடுகிறது!

2004-இல் நான்கு புயல்கள் பிளாரிடாவைத் தாக்கின; 2005-இல் கடல் கடுமையாகச் சிவந்தது. பெருமழை நிலத்தடியில் ஊறிக் கடலடியில் கசிந்ததே காரணமாகலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதினர். 2017 செப்டம்பர் 10-இல் 'இர்மா' வந்தது. அக்டோபரில் தோன்றிய சிவப்பு 2019-இன் தொடக்கம் வரை நீடித்தது. இடையே 2018 அக்டோபரில் 'மைக்கேல்' புயல் மாகாணத்தின் வடமேற்கைச் சூறையாடியும் அது மறையவில்லை. 2022 செப்டம்பர் 28-இல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் 'இயன்' கரையேறியது. அடுத்த மாதமே மீன்கள் செத்து ஒதுங்கலாயின.

புயலே குற்றவாளி என்று தீர்ப்புக் கூற நாம் துணியோம். உரமூட்டைகள் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அக்கடல் சிவந்ததுண்டு. தோன்றிய நோயைக் கொழுக்க வைப்பது நிலத்திலிருந்து செல்லும் உணவு. வீட்டு முன்றிலில் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு இடும் உரமும் அதில் சேர்த்தி. சரசோட்டா வட்டாரத்தில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அதாவது மழையும் புயலும் மிகுந்த மாதங்களில், நைட்ரஜன் உரத்தைப் புல்தரைக்கு இடலாகாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள்.